கொள்கலன் கப்பலும் காற்றுத்தடையும் : ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் கடலைக் கடக்கத் தொடங்கிய காலம் முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கப்பலோட்டத்தின் வரலாறு பெரும்பாலும் காற்றின் வரலாறாகவே இருந்து வந்துள்ளது. எத்துறையிலிருந்து எத்துறைக்கு, எந்த மாதத்தில், எவ்வளவு சரக்குடன் செல்லலாம் என்பவற்றைத் தீர்மானித்தது காற்றே. நீராவி இயந்திரமும் அதன்பின் டீசல் இயந்திரமும் இந்நிலையை மாற்றின. 1949 ஆம் ஆண்டிலே தானியம் ஏற்றிய 'பமீர்' என்னும் பாய்க்கப்பல் தென்னமெரிக்காவின் கேப் ஹோர்ன் முனையைச் சுற்றிச் சென்றது. வணிகச் சரக்குடன் அம்முனையைச் சுற்றிய இறுதிப் பாய்க்கப்பல் அதுவேயாகும். அத்துடன் பெருங்கடல் வணிகத்திலிருந்து காற்று விடைபெற்றுவிட்டதாகவே கருதப்பட்டது.

ஆனால் ஏழு ஆண்டுகளின் பின் நிகழ்ந்த ஒரு மாற்றம் காற்றை வேறொரு வடிவில் மீண்டும் கப்பலுக்குக் கொண்டுவந்தது. முன்னர் கப்பலை உந்திச் சென்ற காற்று இப்பொழுது அதன் மேற்றளத்தில் அடுக்கப்பட்ட சரக்கின்மீது மோதி, அதன் ஓட்டத்தைத் தடுக்கும் விசையாகியது. கொள்கலன்கள் அடுக்கப்படும் முறைக்கும் காற்றுத்தடைக்கும் உள்ள தொடர்பு இயற்பியல் சார்ந்ததே எனினும், அத்தொடர்பு எப்போது உணரப்பட்டது, எப்போது புறக்கணிக்கப்பட்டது என்பது வரலாறு சார்ந்த வினாவாகும். எரிபொருள் மலிவாக இருந்தபோது காற்றுத்தடை பொருட்படுத்தப்படவில்லை. எரிபொருள் விலையேறியபோது அது ஆராய்ச்சிப் பொருளாயிற்று என்பதையே இவ்வரலாறு காட்டுகின்றது.

நீரும் காற்றும்

ஓடுகின்ற கப்பல் ஒரே வேளையில் இரண்டு ஊடகங்களை ஊடறுத்துச் செல்கின்றது. அதன் கீழ்ப்பகுதி நீரையும் மேற்பகுதி வளியையும் விலக்குகின்றன. இவற்றுள் நீரின் தடையே அறிஞரின் கவனத்தை முதலிற் பெற்றது. 1870 களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் தோர்க்கே நகரில் நீர்த்தொட்டி அமைத்துச் சிறு மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பரிசோதித்த வில்லியம் புரூட், கப்பலின் தடையை உராய்வினால் எழுவது, அலைகளை உண்டாக்குவதனால் எழுவது எனப் பகுத்துக் காட்டினார். அன்றிலிருந்து கப்பலமைப்புக் கலை நீருக்குள் இருக்கும் உடலின் வடிவத்தைச் செம்மைப்படுத்துவதிலேயே பெரிதும் ஈடுபட்டது. காற்றின் பங்கு இறுதியிற் சேர்க்கப்படும் ஒரு சிறு திருத்தமாகவே கொள்ளப்பட்டது.

இதற்கு நியாயமான காரணமும் இருந்தது. கடல்நீரின் அடர்த்தி வளியின் அடர்த்தியிலும் எண்ணூறு மடங்குக்கு மேற்பட்டது. ஆகவே அமைதியான வளியிற் செல்லும் வணிகக் கப்பலொன்றின் மொத்தத் தடையில் காற்றின் பங்கு நூற்றுக்கு இரண்டு என்ற அளவினதாகவே பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. ஆனால் கொள்கலன்களை உயர அடுக்கிய கப்பல் எதிர்க்காற்றிற் செல்லும்போது இப்பங்கு நூற்றுக்குப் பத்து வரை உயரக்கூடும்.

காற்றின் விசை மூன்று காரணிகளைச் சார்ந்தது. முதலாவது, காற்றை எதிர்கொள்ளும் முகப்பின் பரப்பளவு. இரண்டாவது, கப்பல் சார்பாகக் காற்று வீசும் வேகத்தின் வர்க்கம். மூன்றாவது, அம்முகப்பின் வடிவம். மணிக்கு 20 கடல்மைல் கதியிற் செல்லும் கப்பலை அதே கதியுடைய காற்று எதிர்த்து வீசுமாயின் சார்பு வேகம் 40 கடல்மைலாகும். வேகம் இருமடங்காக, விசை நான்கு மடங்காகின்றது. அந்நிலையில் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் ஏறத்தாழ 25 கிலோகிராம் எடைக்கு நிகரான அமுக்கம் தாக்கும். முகப்பின் பரப்பு 1,000 சதுர மீற்றராயின் ஏறத்தாழ 25 தொன் எடைக்கு நிகரான விசை கப்பலைப் பின்னோக்கித் தள்ளும். இவ்விசையை வெல்வதற்கு இயந்திரம் ஒவ்வொரு மணித்தியாலமும் எரிபொருளைச் செலவிட வேண்டும்.

மேற்றளத்துக்கு வந்த சரக்கு

1956 ஆம் ஆண்டு ஏப்ரல் 26 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பல் ஹூஸ்ரன் நோக்கிப் புறப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து எண்ணெய்க் கப்பலாகிய அதன் மேற்றளத்தின்மீது தனித்தளம் அமைக்கப்பட்டு 58 கொள்கலன்கள் வைக்கப்பட்டிருந்தன. பாரவண்டித் தொழிலில் ஈடுபட்டிருந்த மல்கம் மக்லீன் என்பவரின் முயற்சி அது. எண்ணெய்க் கப்பலின் உட்பகுதி பெட்டிகளை ஏற்க இயலாததாகையால், கொள்கலன் வரலாறு மேற்றளத்திலேயே தொடங்க நேர்ந்தது குறிப்பிடத்தக்கது.

அடுத்த ஆண்டில் இந்நிலை மாறியது. 1957 ஒக்டோபரில் சேவைக்கு வந்த 'கேற்வே சிற்றி' 226 கொள்கலன்களை ஏற்றவல்லது. அதன் சரக்கறைக்குள் நிலைக்குத்தாக உருக்குச் சட்டங்கள் நிறுத்தப்பட்டன. கொள்கலன்கள் அச்சட்டங்களிடையே ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கப்பட்டன. இவ்வொழுங்கையும் பெட்டிகளை மூலைகளிற் பிணைக்கும் பூட்டு முறையையும் உருவாக்கியதில் கீத் ரன்ற்லிங்கர் என்ற பொறியியலாளருக்குப் பெரும்பங்கு உண்டு. சரக்கறைக்குள் இருந்த கொள்கலனைக் காற்றுத் தீண்டுவதில்லை. ஆனால் அதே பூட்டுகள் மேற்றளத்திலும் பெட்டியின்மேற் பெட்டியை நிறுத்துவதற்கு வழி செய்தன. காற்றின் மறுவரவுக்கு அடிப்படையிட்டது இக்கண்டுபிடிப்பே எனலாம்.

அடுக்கு உயர்ந்த காரணங்கள்

மேற்றளச் சரக்கு முன்னாளில் ஐயத்துடனேயே நோக்கப்பட்டது. கப்பல்கள் மிகைச்சுமையினால் மூழ்குவதை எதிர்த்துச் சாமுவேல் பிளிம்சோல் நடத்திய இயக்கத்தின் பயனாக வந்த 1876 ஆம் ஆண்டின் பிரித்தானிய வணிகக் கப்பற் சட்டம், குளிர்காலத்தில் மேற்றளத்தில் மரம் ஏற்றி வருவதைக் கட்டுப்படுத்தியது. அதுமட்டுமன்றி, மேற்றளச் சரக்கு கொள்ளும் இடத்தையும் கப்பலின் கொள்ளளவுடன் சேர்த்துத் துறைமுகக் கட்டணம் அறவிடப்பட வேண்டும் எனவும் அச்சட்டம் விதித்தது. அதாவது மேலே ஏற்றுவதற்கு ஒரு விலை இருந்தது.

கொள்கலன் யுகத்தில் இந்நிலை தலைகீழாயிற்று. இதற்கான காரணங்களை நான்காக வகுக்கலாம். முதலாவதாக, கொள்கலன் தன்னளவிலேயே மழைக்கும் கடல்நீருக்கும் காப்பான ஒரு சிறு சரக்கறையாகும். அதனை மூடிவைக்க வேறொரு சரக்கறை வேண்டியதில்லை. இரண்டாவதாக, மேற்றளத்தில் ஏற்றப்படும் ஒவ்வோர் அடுக்கும் கப்பலின் உடலை உயர்த்திக் கட்டுவதற்குரிய உருக்கை மிச்சப்படுத்தியது. மூன்றாவதாக, 1969 இல் ஏற்கப்பட்டு 1982 இல் நடைமுறைக்கு வந்த கப்பற்கொள்ளளவுச் சர்வதேச உடன்படிக்கை, மூடப்பட்ட இடங்களின் கனவளவையே மொத்தக் கொள்ளளவின் அடிப்படையாகக் கொண்டது. மேற்றளத்தில் அடுக்கப்படும் கொள்கலன்கள் அக்கணக்கில் அடங்குவதில்லை. துறைமுகக் கட்டணங்கள் பல இக்கொள்ளளவைக் கொண்டே விதிக்கப்படுவதால், மேலே ஏற்றுவது இலாபகரமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டம் தண்டித்ததை இருபதாம் நூற்றாண்டு உடன்படிக்கை ஊக்குவித்தது என்பது சிந்தனைக்குரியது.

நான்காவது காரணம் கப்பலின் அகலத்தோடு தொடர்புடையது. பனாமாக் கால்வாயின் பழைய மடைகளிற் புகக்கூடிய கப்பலின் அகலம் 32.3 மீற்றருக்கு உட்பட்டதாக இருந்தது. ஒடுங்கிய கப்பலில் அடுக்கை மிக உயர்த்தினால் அது நிலைகுலையும். 1988 இல் 'பிரெசிடென்ற் ரூமன்' என்ற கப்பல் இவ்வெல்லையை மீறி 39 மீற்றருக்கு மேற்பட்ட அகலத்துடன் கட்டப்பட்டது. அகன்ற கப்பலுக்கு உறுதி அதிகம்; உறுதி அதிகமாகவே அடுக்கும் உயர்ந்தது. 2006 இல் 'எமா மேர்ஸ்க்' வெளிவந்தபோது கப்பலின் நீளம் 400 மீற்றரை நெருங்கியிருந்தது. இன்றைய பெருங்கப்பல்களின் மேற்றளத்தில் பத்து அடுக்குகளும் அதற்கு மேலும் காணப்படுகின்றன. ஒரு கொள்கலனின் உயரம் ஏறத்தாழ 2.6 மீற்றராகையால் பத்து அடுக்குகள் 26 மீற்றராகும். எட்டு மாடிக் கட்டடத்துக்கு நிகரான சுவரொன்று கடலில் நகர்கின்றது என்று கூறின் அது மிகையாகாது.

அறிவும் புறக்கணிப்பும்

காற்றுத்தடை பற்றிய அறிவு இக்காலத்தில் இல்லாமலிருந்தது என்று கருதுதல் தவறு. 1930 ஆம் ஆண்டிலேயே பிரித்தானியத் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜி. ஹியூஸ், பல்வேறு வகைக் கப்பல் மாதிரிகளைக் கொண்டு காற்றின் தடையை அளந்து வெளியிட்டிருந்தார். 1972 இல் ஆர். எம். ஐஷர்வூட் முன்னைய பரிசோதனை முடிவுகளைத் தொகுத்து, எத்திசையிலிருந்து வீசும் காற்றுக்கும் நெடுக்கு விசை, பக்க விசை, கப்பலைத் திருப்பும் திருப்பம் ஆகியவற்றைக் கணிக்கும் சமன்பாடுகளைத் தந்தார். அச்சமன்பாடுகள் நெடுங்காலம் பயன்பட்டன. அவற்றிற் சேர்க்கப்பட்ட மாறிகளுள் ஒன்று கப்பலின் பாய்மரங்களும் பாரந்தூக்கிக் கம்பங்களும் எத்தனை தொகுதிகளாக நிற்கின்றன என்பதாகும். கொள்கலன் அடுக்குகளுக்கிடையேயான இடைவெளிகளுக்கெனத் தனியான மாறி அதில் இல்லை. பழைய சரக்குக் கப்பலின் உருவத்தையே அச்சூத்திரம் மனத்திற் கொண்டிருந்தது.

அதே 1972 ஆம் ஆண்டில் மக்லீனின் சீலாண்ட் நிறுவனம் எஸ்.எல்.-7 எனப்பட்ட கப்பல் வரிசையின் முதற் கப்பலைச் சேவையில் இறக்கியது. அவ்வரிசையின் எட்டுக் கப்பல்களும் மணிக்கு 33 கடல்மைல் கதியில் ஓடவல்லவை. மலிவான எண்ணெய் என்றும் கிடைக்கும் என்ற நம்பிக்கையின்மேற் கட்டப்பட்டவை அவை. அடுத்த ஆண்டிலேயே எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டது. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தொன் எரிபொருளை விழுங்கிய அக்கப்பல்கள் வணிகத்துக்கு ஒவ்வாதனவாகி, 1980 களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையால் வாங்கப்பட்டன. 1986 இல் எண்ணெய் விலை சரிந்தபோது கதியும் அடுக்கும் மீண்டும் உயரலாயின.

2008 ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றமும் அதனைத் தொடர்ந்த உலகப் பொருளாதார வீழ்ச்சியும் இரண்டாவது திருப்பத்தை உண்டாக்கின. கப்பல்கள் மெதுவாகச் செலுத்தப்பட்டன. இங்கு கவனிக்கப்பட வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. கப்பலின் கதி 24 கடல்மைலிலிருந்து 18 கடல்மைலாகக் குறைக்கப்படுமாயின், வர்க்க விதிப்படி நீரின் தடை முன்னையதில் ஏறத்தாழ நூற்றுக்கு 56 ஆகக் குறையும். ஆனால் 20 கடல்மைல் எதிர்க்காற்று வீசும் நிலையிற் சார்பு வேகம் 44 இலிருந்து 38 ஆகவே குறைவதால், காற்றின் தடை நூற்றுக்கு 75 ஆகவே குறையும். கப்பல் மெதுவாகச் செல்லச்செல்ல, மொத்தத் தடையிற் காற்றின் பங்கு பெருகுகின்றது. சிக்கனத்துக்காகக் கைக்கொள்ளப்பட்ட மெதுவோட்டமே நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்ட காற்றை முன்னிறுத்தியது.

அடுக்கின் வடிவம்

பரப்பளவு ஒன்றாயினும் அடுக்கும் முறை வேறாயின் தடையும் வேறாகும். முதல் வரிசையின் தட்டையான முகப்பில் மோதும் காற்று விளிம்புகளிற் பிரிந்து சுழல்களை உண்டாக்குகின்றது. அடுத்த வரிசை அண்மையில், அதே உயரத்தில் நிற்குமாயின் முன்வரிசையின் மறைவில் அது ஓரளவு தப்பிக்கொள்கின்றது. இடையில் அகன்ற வெளி விடப்படின் காற்று மீண்டும் கீழிறங்கி அடுத்த முகப்பில் புதிதாக மோதுகின்றது. காற்று நேரெதிரே வீசாது சற்றுச் சரிவாக வீசும்போது இவ்விடைவெளிகளுக்குள் எளிதிற் புகுவதால், நெடுக்கு விசை நேரெதிர்க்காற்றின்போது உள்ளதைவிட அதிகரிப்பதும் உண்டு.

இவ்விடயம் 2013 இல் வெளியான டென்மார்க்கு ஆய்வொன்றில் முறையாகப் பரிசோதிக்கப்பட்டது. 9,000 இற்கு மேற்பட்ட இருபதடிக் கொள்கலன்களை ஏற்றவல்ல கப்பலொன்றின் 1 : 450 அளவிலான மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து, மேற்றள அடுக்கை மாற்றி மாற்றி இங்கிரிட் மரி வின்சென்ற் அண்டர்சன் அளவீடுகளைச் செய்தார். முன்புறத்திலிருந்து படிப்படியாக உயர்ந்து செல்லும் ஒழுங்கான அடுக்கு தடையைக் குறைப்பதையும், ஆங்காங்கே தனித்து நிற்கும் அடுக்குகள் அதனைக் கூட்டுவதையும் அவ்வாய்வு உணர்த்தியது.

எனினும், கப்பலின் அடுக்கு காற்றை எண்ணி அமைக்கப்படுவதில்லை. பாரமானவை கீழும் இலேசானவை மேலும் வைக்கப்பட வேண்டும். முதலில் இறக்கப்படுவது எளிதில் எட்டத்தக்கதாக இருத்தல் வேண்டும். குளிரூட்டிய பெட்டிகளுக்கு மின்னிணைப்பு வேண்டும். ஆபத்தான பொருள்கள் விலக்கி வைக்கப்பட வேண்டும். கொழும்பு போன்ற இடைமாற்றுத் துறைமுகமொன்றில் நூற்றுக்கணக்கான பெட்டிகள் இறக்கப்பட்டு வேறு பெட்டிகள் ஏற்றப்படும்போது அடுக்கின் உருவமே மாறிவிடுகின்றது. அங்கிருந்து தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் செங்கடல் நோக்கிச் செல்லும் கப்பல், ஒரு காலத்தில் கிரேக்க, அராபிய மரக்கலங்களைக் கிழக்கே கொண்டுவந்த அதே காற்றைத் தன் அடுக்கின் முகத்தில் எதிர்கொள்கின்றது. உலக வணிகத்தின் ஏற்றத்தாழ்வும் இங்கு புலனாகின்றது. ஆசியாவிலிருந்து சரக்குடன் சென்ற பெட்டிகள் பெருமளவு வெறுமையாகத் திரும்புகின்றன. வெற்றுப் பெட்டிக்கு எடை குறைவு. ஆனால் காற்றுக்கு அதன் பரப்பு நிறைந்த பெட்டியின் பரப்பேயாகும்.

பாதுகாப்பு விதியொன்று எதிர்பாராத வகையில் அடுக்கின் வடிவத்தைப் பாதித்ததும் குறிப்பிடத்தக்கது. 1998 யூலை முதல் கட்டப்பட்ட கப்பல்களிலே, செலுத்துமேடையில் நிற்பவருக்கு அணியத்துக்கு முன்னால் மறைக்கப்படும் கடற்பரப்பு இரு கப்பல் நீளத்தை அல்லது 500 மீற்றரை, இவற்றுட் குறைந்ததை, மீறலாகாது என்று சர்வதேச விதி கூறுகின்றது. இதனால் மேடைக்கு முன்னுள்ள அடுக்குகள் அணியத்தை நோக்கித் தாழ்ந்து செல்ல வேண்டியதாயிற்று. கண்ணுக்காக இயற்றப்பட்ட விதி காற்றுக்கும் ஓரளவு நன்மை செய்தது. ஆனால் பின்னர் வந்த பெருங்கப்பல்களில் செலுத்துமேடை முன்னோக்கி நகர்த்தப்பட்டது. அதன் பின்னால் அடுக்குகள் தடையின்றி உயர்ந்தன.

அடுக்கை மாற்ற இயலாதபோது அதன்முன் ஒரு கவசத்தை நிறுத்தும் முயற்சி எழுந்தது. 2015 இல் யப்பானிய நிறுவனமான மிற்சுயி ஓ.எஸ்.கே. தனது 'எம்.ஓ.எல். மார்வெல்' கப்பலின் அணியத்தில் குதிரைலாட வடிவக் காற்றுக் கவசத்தைப் பொருத்தியது. வடபசிபிக்கில் 17 கடல்மைல் கதியில் நூற்றுக்கு இரண்டு அளவில் காபனீரொட்சைட்டு வெளியேற்றம் குறையும் என அந்நிறுவனம் எதிர்பார்த்தது. இரண்டு என்பது சிறிய எண்ணே. ஆனால் ஆண்டு முழுவதும் ஓடும் கப்பலில் அது பெருந்தொகையான எரிபொருளாகும். 2013 இலும் 2023 இலும் நடைமுறைக்கு வந்த சர்வதேசக் கடல்சார் அமைப்பின் வெளியேற்ற விதிகள் இத்தகைய சிறு சேமிப்புகளுக்கும் மதிப்பளித்தன.

பக்கக்காற்று தந்த பாடம்

காற்றுத்தடையை எரிபொருட் கணக்காக மட்டும் நோக்குவது போதாது. பக்கத்திலிருந்து வீசும் காற்றுக்கு அடுக்கின் முழு நீளமும் இலக்காகின்றது. அது கப்பலைப் பாதையிலிருந்து விலக்கும். அதனை ஈடுசெய்யச் சுக்கானைத் திருப்பி வைத்திருக்க வேண்டும். அவ்வாறு சற்றுச் சரிந்தே ஓடும் கப்பலுக்கு நீரின் தடையும் கூடும்.

2021 மார்ச் 23 ஆம் திகதி சுயெஸ் கால்வாயில், 400 மீற்றர் நீளமும் இருபதாயிரம் கொள்கலன்களுக்கு மேற்பட்ட கொள்திறனும் உடைய 'எவர் கிவன்' கடுங்காற்றின் நடுவே கரையில் முட்டிக் குறுக்கே சிக்கியது. மார்ச் 29 ஆம் திகதி வரை உலக வணிகத்தின் முக்கிய வழியொன்று அடைபட்டுக் கிடந்தது. காற்று ஒன்றே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. குறுகிய நீர்வழியிற் பெருங்கப்பலின் கதியும் கரையின் அண்மையால் எழும் நீரோட்ட விளைவுகளும் செலுத்தும் முறையும் உடன் கருதப்பட வேண்டியவை. எனினும், அத்தகைய உயர்ந்த சுவரை ஏந்தாத கப்பலைக் காற்று அவ்வாறு தள்ளியிருக்காது. அடுக்கை உயர்த்தித் துறைமுகக் கட்டணத்திலும் உருக்கிலும் சேமிக்கப்பட்ட பணம் ஒருபுறம் இருக்க, அதன் விளைவை எதிர்கொண்டவர்கள் செலுத்துமேடையில் நின்ற மாலுமிகளும், கால்வாயின் இருமுனைகளிலும் காத்துக் கிடந்த கப்பல்களின் பணியாளரும், சரக்கை எதிர்பார்த்திருந்த தொலைதூர நாட்டு மக்களும் ஆவர்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, கொள்கலன் கப்பலின் காற்றுத்தடை கடலில் மட்டும் உருவானதன்று என்பது தெளிவாகின்றது. கொள்ளளவை அளக்கும் உடன்படிக்கையும், கால்வாய் மடைகளின் அகலமும், எண்ணெயின் விலையும், வெற்றுப் பெட்டிகளைத் திருப்பி அனுப்பும் வணிக ஏற்றத்தாழ்வும் சேர்ந்தே அடுக்கை உயர்த்தின. 1930 இல் அளக்கப்பட்ட ஒன்று பல பத்தாண்டுகள் கழித்தே கப்பலின் அணியத்தில் ஒரு கவசமாக உருப்பெற்றது. இடைப்பட்ட காலத்திற் குறைவாக இருந்தது அறிவன்று. அவ்வறிவைப் பயன்படுத்துவதற்கான தேவையே குறைவாக இருந்தது.

பாய்க்கப்பற் காலத்து மாலுமி காற்றை மதித்தான். அதனையன்றி அவனால் நகர இயலவில்லை. இயந்திரக் கப்பலின் உரிமையாளர் அதனை மறக்கக்கூடியவராக இருந்தார். மறதியின் விலையை எரிபொருள் செலுத்திக்கொண்டிருந்தது. அந்த எரிபொருளின் விலை பணத்தால் மட்டுமன்றி வளிமண்டலத்தின் வெப்பத்தாலும் கணிக்கப்படும் இக்காலத்தில், சரக்கை எவ்வளவு உயரத்துக்கு, எவ்வொழுங்கில் அடுக்குவது என்ற வினா துறைமுக எழுதுவினைஞரின் வினாவாக மட்டும் இருக்க முடியாது.